மூடியில் ஒரு ஓட்டை

ஓய்வுபெற்ற பூகோள வாத்தியாருக்கு எந்தக் கடல் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தன் காரில் பெட்ரோல் எங்கே போய் நிற்கிறது என்றுதான் மூன்று வாரமாகத் தெரியவில்லை.

கார்பரேட்டர் வைத்த பழைய வண்டி. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு மனைவியை அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட அந்த அம்மாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். பன்னிரண்டுக்கு மெஷின் அடுத்தவருக்கு. தாமதமாகப் போனால் போன நேரம் போனதுதான்.

வண்டியோ புறப்பட்ட இருபதாவது நிமிடம், வழியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும், இருமிக் குலுங்கி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கிளம்பும்.

"எனக்கும் இதுக்கும் ஒரே வியாதிங்க. வடிகட்டி போயிடுச்சு" என்றார் மனைவி.

மெக்கானிக் பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார். பம்பைப் பிரித்துப் பூட்டினார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, துளைகளில் காற்றடித்தார். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பெட்ரோலைப் பார்ப்பார். மூடிவிட்டுத் தெருவை இரண்டு சுற்று சுற்றி வருவார். நிற்காது.

"நீங்க ஏதாச்சும் கை வெச்சீங்களா சார்?"

"நானா? நமக்கு எதுக்குப்பா அந்த வேலை."

வெளியூரிலிருந்து மகள் போனில், "வாடகை வண்டி பிடிங்கப்பா" என்று கெஞ்சினாள். "கண்டவன் ஓட்டினா உங்கம்மாவுக்குத் தூக்கிப்போடும்" என்று வாத்தியார் போனை வைத்துவிட்டார். நாற்பது வருடம் வகுப்பில் யாரும் அவரை மறுத்துப் பேசியதில்லை. பழக்கதோஷம்.

அந்தத் திங்கட்கிழமை வண்டி மூன்று முறை நின்றது. முதல் இரண்டு முறையும் மறுபடி கிளம்ப அரை மணி நேரம் ஆனது. மனைவியின் கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. ஒரு வாக்கியம் சொல்ல இரண்டு முறை மூச்சு வாங்கினார். மூன்றாவது முறை, பெட்ரோல் முள் பொய் சொல்கிறதோ என்று வாத்தியார் இறங்கிப்போய் டேங்க் மூடியைத் திருகினார்.

உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருந்தது. இருந்தது என்பதே சரி. இப்போது அதன்மேல் குழாய் ஒழுகலுக்கு வைக்கும் பசை கல்லாக உறைந்து கிடந்தது. வைத்தவர் வாத்தியார். பெட்ரோல் வாடை பட்டாலே மனைவிக்குக் குமட்டுகிறதே என்று மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அடைத்தார். சமையலறைக் குழாய்க்கு வைத்ததில் மிச்சம். அதை அவர் காரில் கை வைத்ததாகவே நினைக்கவில்லை. மனைவிக்குச் செய்த பணிவிடை என்றே நினைத்திருந்தார். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. டேங்க் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்ரோலை விடாமல் வைத்திருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து, தெரியாமலே நோயைத் தீர்த்துவிட்டுச் சோதித்திருக்கிறார்.

சாவி முனையால் பசையை நெம்பி எடுத்தார். வண்டி உடனே பிடித்தது.

ஆஸ்பத்திரியில் மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. "மூணு மணி நேரம்கூட முழுசா மெஷின் ஓட்ட முடியாது சார்" என்றார் நர்ஸ். "போன வாரமும் இப்படித்தான். நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சுன்னா இங்க வெச்சுப் பார்க்க முடியாது. பெரிய டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்."

மத்தியானம் திரும்பும்போது காருக்குள் பழைய வாடை வந்தது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாத்தியார் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தார்.

"மூடியில நீங்க வெச்ச பசையத்தானே எடுத்தீங்க?" என்றார் மனைவி, திரும்பாமலே. "காலையிலேயே வாடை வந்துச்சே."

தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மூன்று வாரப் பழக்கத்தில் வாத்தியாரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று.

"நிறுத்தாதீங்க" என்றார் மனைவி. "வாந்தி வந்தா நான் பாத்துக்கறேன்."