காணாமல் போனவனின் தாய்

புனே பக்கத்துக் கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பின் நாலாவது லைனில் இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவள் ஜெய்த்தூன். புருஷன் போனபின் அவன் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். குண்டுக் கூடுகளில் மருந்து நிரப்பும் பிரிவு. ஒரே மகன் சலீம் பட்டாளத்தில் இருந்தான்.

அந்த லைனில் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மூன்று நாள் அங்கே அடுப்பு எரியாது. மற்றவர்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோவார்கள். கும்பிடும் சாமி வேறானாலும் இதில் பேதம் பார்த்ததில்லை.

1999 ஜூன் கடைசியில் கார்கில் சண்டைக்குப் போன பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. சலீமைக் காணவில்லை என்று மட்டும்தான் அதில் இருந்தது. மத்தியானமே எதிர்வீட்டுப் பார்வதி தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவந்தாள். ஜெய்த்தூன் அவளை வாசலிலேயே மறித்தாள். அதை வாங்கினால் மகன் செத்துப்போனதைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுப்பை மூட்டி, சலீமுக்குப் பிடித்த நெய்ச்சோறு ஆக்கினாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. மணம் மட்டும் லைன் முழுக்கப் போயிற்று.

மறுநாள் குழாயடியில், லைனுக்குப் பெரியவராக நடந்துகொள்ளும் மகாதேவன் அவள் காதுபடவே சொன்னார்.

"மவனைக் காணோம்னு சேதி வந்த வீட்டுல நெய்ச்சோறு மணக்குது. எங்க போயிருக்கான்னு பெத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? எல்லையத் தாண்டி அந்தப் பக்கம் மாமனார் வீட்டு விருந்துல இருப்பான்."

சிரித்தவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் பேச்சு ஒட்டிக்கொண்டது. மருந்து மேசையில் இருவர் இருவராகத்தான் வேலை. ஒருத்தி நிரப்ப, மற்றவள் எடை பார்க்க வேண்டும். ஜெய்த்தூனோடு உட்கார யாரும் வரவில்லை. அவளைக் காலிப்பெட்டி அடுக்கப் போட்டார்கள். தொழிற்சாலை வாயிலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று பெண்களைச் சோதிப்பவள் பார்வதி. பத்து வருஷமாகத் தோளைத் தொட்டு "போங்கக்கா" என்று விட்டவள், இப்போது கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள். முகத்தைப் பார்க்கவில்லை.

நெய்ச்சோறு ஆக்கியது ஏன் என்று ஜெய்த்தூன் ஒருமுறை விளக்கப் பார்த்தாள். பாதியிலேயே அது அவளுக்கே பொய் போலக் கேட்டது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஜூலையில் பனி உருகிய ஒரு பள்ளத்தில் சலீம் கிடைத்தான். நெஞ்சில் இரண்டு குண்டு. துப்பாக்கியைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தானாம். கொடி போர்த்திய பெட்டி லைனுக்குள் வந்தபோது எல்லா வீடும் தெருவில் நின்றது. "சலீம் அமர் ரஹே" என்று இந்தியில் முதலில் வீரவணக்கம் கத்தியது மகாதேவன்தான்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகு பார்வதி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"உன்னை மன்னிக்க எனக்கென்னடி யோக்கியதை இருக்கு? நோம்பு மாசத்துலேர்ந்து நான் கேட்ட துவா என்ன தெரியுமா? எம்புள்ள திரும்பி வரணும்னு இல்ல. அவன் பொணம் கிடைக்கணும்னு. கிடைச்சாத்தான நீங்கள்லாம் நம்புவீங்க?"



ஓய்வு பெறும்வரை ஜெய்த்தூன் ஆறு வருஷம் அதே வாயில் வழியாக வேலைக்குப் போய்வந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சலீமை அடக்கிய கபரஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை என்பதால் அதன் வெளிச்சுவரோரம் நின்று மகனிடம் மன்னிப்புக் கேட்பாள். அது எதற்கென்று பார்வதிக்கு மட்டும் தெரியும்.