ஊருக்குப் போகும் பாட்டு

கொடைரோடு ஸ்டேஷன் டீக்கடையில் ஒரு பாட்டுக்காரரைப் பார்த்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கிழவரை, இரு நாட்டு ஒப்பந்தப்படி அப்போதுதான் கப்பலேற்றி இங்கே அனுப்பியிருந்தார்கள். சித்திரை வெயிலிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. தப்பு மேளத்தை அடுப்பு அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் பாடினார். மைக் இல்லாமலே பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. ஒவ்வோர் அடியும் ‘ஊருக்குப் போகணும்’ என்றே முடிந்தது.

"அதான் ஊருக்கு வந்துட்டீங்களே, பெரியவரே?" கேலியாகத்தான் கேட்டேன்.

"அங்க பாடுறப்ப, கண்ணால பாக்காத இதுதான் எங்களுக்கு ஊரு. இங்க வந்ததும் அது ஊராயிருச்சு. பாட்டுல ஒரு சொல்லக்கூட மாத்தல, அப்பு."

திண்டுக்கல் ரயில் வந்தது. எழுந்தேன்.

"ஊருக்கா?" என்றார்.

எந்த ஊர் என்று டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன்.