டேங்க் பண்டுக்கு முன்பே திரும்பிய கார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கார்க்கானா என்ற பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு பழைய பத்மினி காரின் கதவைத் தடவிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு வயதுப் பெண்மணி பிறத்தியார் காரைத் தடவிக் கொடுப்பதைப் பார்த்து, எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கையில் பிழிந்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை. எங்கள் வீட்டில் இது பரம்பரைத் தொழில்.

காந்தத்தின் வேலை எளிது. கதவு முழுக்கத் தகரமாக இருந்தால் ஒட்டும். எங்காவது துருப்பிடித்து ஓட்டை விழுந்து, அதில் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் அந்த இடத்தில் ஒட்டாமல் விழுந்துவிடும். கைக்குட்டை எதற்கென்றால், பெயிண்டில் கீறல் விழக்கூடாது. வாங்காவிட்டாலும் அடுத்தவர் பொருளைக் கெடுக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். பெரும்பாலும் நாங்கள் வாங்காமலே திரும்பினோம் என்பதால் அந்தச் சட்டம் நன்றாகவே பயன்பட்டது.

இது நான் பார்க்கும் ஏழாவது கார். இரண்டு வருடங்களாக ஒரு பழைய பத்மினி வாங்கவேண்டும் என்று அலைகிறேன். ஆறு கார்களைக் குறை சொல்லிக் கழித்தாகிவிட்டது. மகளிடம் சொன்னபோது, அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் “ஏசி லேதா?” என்று தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இல்லையென்றேன். அத்துடன் அவளுக்கும் அந்தக் காருக்கும் உள்ள உறவு முடிந்தது. அம்மா மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் என்னோடு வந்தாள். ஆனால் அன்றைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். “ஏட்டி, இன்னைக்குத்தான் கடைசி. இனிமே என்னைய இழுக்காத.” அம்மா அப்படிச் சொன்னால் அப்படித்தான். அது எனக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் மருத்துவர். வீட்டில் ஏற்கெனவே மூன்று பழைய கார்கள் நிற்கின்றன, இந்த நான்காவதுக்கு இடமில்லை என்று மனைவி சொல்லிவிட்டாராம். “நிதானங்கா சூடண்டி மேடம், தொந்தர லேது” என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மெதுவாகப் பாருங்கள், அவசரமில்லை என்று விற்கிறவரே சொன்னால் என்னைப் போன்ற ஆளுக்குச் சந்தேகம்தான் வரும். முன்கதவைத் திறந்தேன். வெயிலில் சூடான ரெக்சின், லேசான பெட்ரோல், எப்போதோ நனைந்து காய்ந்த தரைவிரிப்பு, மூன்றும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. அவ்வளவுதான், எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

பத்து வயதில் நான் இதே நகரத்தின் ஓரத்தில் குஷாய்குடாவில், ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே மின்னணுச் சாமான்களுக்குத் தரப் பரிசோதகராக இருந்தார். செய்து வரும் ஒவ்வொன்றையும் பார்த்து அவர் சீட்டு கட்டவேண்டும். பச்சை என்றால் தேறியது. மஞ்சள் என்றால் திருத்திக் கொண்டுவா. சிவப்பு என்றால் கழித்துக்கட்டு. அவருடைய பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. சிவப்புக்கு ஒருவர் கையெழுத்து போதும், பச்சைக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். வேண்டாம் என்பது சுலபம், வேண்டும் என்பதற்குத்தான் துணை வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது வெறும் ஆபீஸ் சமாச்சாரம். அப்பா அதை ஆபீஸோடு விட்டிருக்கலாம். அம்மா வாங்கி வந்த கத்தரிக்காயையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

எங்களிடம் இருந்தது ஸ்கூட்டர். கார் வாங்கவேண்டும், அதில் ஊருக்குப் போகவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பழைய கார் விளம்பரங்களைச் சிவப்புப் பென்சிலால் சுழிப்பார். இட்லி சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடுவோம். நான் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொள்வேன், அம்மா நல்ல புடவை கட்டிப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள், அப்பாவின் சட்டைப்பையில் டார்ச், குட்டிக் கண்ணாடி, ஏதோ உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த இந்தக் காந்தம். மல்காஜ்கிரி, நாச்சாரம், தார்நாக்கா, மாரேட்பள்ளி என்று வாரம் ஒரு பக்கம். போன இடத்தில் டீ கொடுப்பார்கள். அப்பா அரைமணி நேரம் காருக்கு அடியில் கிடப்பார். பிறகு ஓட்டிப் பார்க்க ஒரு சுற்று.

அந்தச் சுற்றுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்பில் என்னளவுக்குக் காரில் போன பிள்ளை வேறு யாரும் கிடையாது, கார் இல்லாத வீட்டுப் பிள்ளையாகிய நான்தான் வாராவாரம் ஒரு காரில் போனேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் பெருமை தாங்காது. ஆனால் சுற்று ரொம்ப தூரம் போகாது. ஒரு மைலோ ஒன்றரை மைலோ போனதும் அப்பா சொல்லிவிடுவார். “அடுத்தவன் பெட்ரோலு. போதும், திருப்பலாம்.” திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “நல்ல வண்டிதான்” என்று ஆரம்பிப்பார். நல்ல வண்டிதான் என்று அவர் சொன்னால் நானும் அம்மாவும் ஸ்கூட்டர் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவோம்.

மாரேட்பள்ளியில் ஒரு நாள் வானநீலத்தில் ஒரு பத்மினி பார்த்தோம். சொந்தக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர். ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது, அம்மாவை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு அவர் என்னோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல்தடவை. அந்தக் காரில் முன்கதவு ஓரத்தில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, தனியாகத் திறக்கலாம். அம்மா அதைத் திறந்தாள். காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. கொண்டையிலிருந்து முடி பிரிந்து பறந்ததை அவள் சரிசெய்துகொள்ளவே இல்லை. ராணிகஞ்சிலிருந்து ஏரிக்கரைச் சாலையான டேங்க் பண்ட் பக்கம்தான். அங்கே வந்ததும் கேட்டாள்.

“ஏங்க, இன்னும் கொஞ்சம் போவமா? டேங்க் பண்ட் வந்துரும்லா.”

“அடுத்தவன் பெட்ரோலு. போதும், திருப்பலாம்.”

பின்னாலிருந்து பெரியவர் சிரித்தார். “கைக்கு டர்தே சாப்? லேலோ. பேகம்கூ பசந்த் ஆகயீ.” ஏன் பயப்படுகிறீர்கள், வாங்குங்கள், அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்றார். அம்மாவுக்கு அப்போது அந்த உருதுப் பாஷையில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். ரோட்டைப் பார்த்தபடியே “ஹவ்” என்றாள். ஆமாம் என்று.

பெரியவரின் வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா டைரியை எடுத்துக் குறைகளை வாசித்தார். இடதுபக்க இண்டிகேட்டர் வேகமாக மினுக்குகிறது. டிக்கிப் பூட்டு இரண்டாவது தடவைதான் பிடிக்கிறது. கதவின் அடியில் பெயிண்ட் உப்பியிருக்கிறது. ஹாரனில் கரகரப்பு. இப்படிப் பதினொன்று. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இன்னொரு டீ கொடுத்தார். அம்மா மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டபிறகு முக்கோணக் கண்ணாடியை மூடிவிட்டு இறங்கினாள். ஸ்கூட்டரில் திரும்பும்போது நாச்சாரம் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். அப்பாமேல் எனக்கு வந்த கோபத்தைப் பத்து வயதில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா புடவை மாற்றவில்லை. “நீங்களும் பிள்ளையும் போயிட்டு வாங்க. எனக்குத் துணி கெடக்கு” என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் துணி கிடந்தது. நானும் அப்பாவும் ஒரு வருடம் போல அலைந்தோம். அம்மா இல்லாத பின்சீட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பேப்பரில் சிவப்புச் சுழி குறைந்துகொண்டே வந்து ஒரு ஞாயிறு நின்றுபோனது.

அப்பாவைக் கஞ்சத்தனம் பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலைக்குப் போன பிறகு ஒருதடவை அவரிடமே கேட்டேன், அந்த நீலக் காரில் அப்படி என்னதான் குறை என்று. அப்பா சொன்னார். “ஊருக்குப் போற வழில எங்கயாவது நின்னுட்டுன்னா, ஒங்க ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டு நான் என்னத்தச் செய்வேன்?” அவருக்குக் குறை காரில் இல்லை. எது எப்போது பழுதாகும் என்று பார்ப்பதே வேலையாக இருந்தவருக்கு உலகமே பழுதாகக் காத்திருக்கிற சாமானாகத் தெரிந்திருக்கவேண்டும். எட்டு வருடங்களுக்கு முன் இறந்துபோனார். கடைசிவரை கார் வாங்கவில்லை. நான் மட்டும் என்ன செய்கிறேன்? ஐடி கம்பெனியில் சாப்ட்வேர் சோதித்துப் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். விதை ஒன்று போட்டால் வேறொன்றா முளைக்கும்?

கார்க்கானாவுக்கு வருவோம். இடதுபக்கப் பின்கதவின் அடியில் காந்தம் ஒட்டாமல் விழுந்தது. அதைப் போனில் குறித்துக்கொண்டேன். வைப்பர் ஒன்று பாதியில் நிற்கிறது, அதையும் குறித்துக்கொண்டேன். பின்சீட்டு ஸ்பிரிங் கத்துகிறது, பெட்ரோல் முள் ஆடுகிறது. என் விரல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவரைப் பார்த்து “நல்ல வண்டிதான்” என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன், அம்மா ஏற்கெனவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முக்கோணக் கண்ணாடி திறந்திருந்தது.

“எத்தன ஆச்சு?” என்றாள்.

“ஒம்பதும்மா.”

“ஒங்கப்பாவுக்குப் பதினொண்ணு.”

முப்பத்தேழு வருடங்கள். ஒரு நாள்கூட அந்தக் காரைப் பற்றி அம்மா பேசியதில்லை.

“அந்தப் பதினொண்ணுலயும் ஒன் ஒம்பதுலயும், வண்டி ஓடாதுன்னு ஒண்ணாவது இருந்துச்சாட்டி?”

நான் போனைத் திறந்து என் ஒன்பதையும் மேலிருந்து கீழே படித்தேன். பிரேக்கை மிதித்தால் இறுக்கமாக நின்றது. தரைத்தகடு உறுதியாக இருந்தது. இஞ்சின் ஒரே சாவியில் எழுந்தது. பழைய வண்டிக்கு வேண்டிய மறுபதிவுத் தாள் சரியாக இருந்தது. இது எதுவும் என் பட்டியலில் இல்லை, ஏனென்றால் நன்றாக இருப்பதை எழுத எங்கள் வீட்டில் யாரும் பழகவில்லை. ஓடாது என்று ஒன்றுகூட இல்லை.

“இல்லம்மா.”

“அப்பம் என்ன? நீ ஒரு கையெழுத்துப் போடு, நான் ஒண்ணு போடுதேன்.”

மருத்துவரிடம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நான் சொன்ன சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தன் வீட்டு மாடியைப் பார்த்து மனைவிக்குக் கையைக் காட்டினார், அங்கிருந்து ஒரு பெரிய “அப்பாடா” கேட்டது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தாள்களில் கையெழுத்துப் போடுவோம் என்று சாவியை வாங்கினேன். அவர் பின்சீட்டில் ஏறினார், ஸ்பிரிங் கத்தியது. ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் கியர் எனக்குப் பழக்கமில்லை. இரண்டாவது போடப்போய் நான்காவது விழுந்தது, பின்னால் வந்த ஆட்டோக்காரர் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் நரைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

அந்த வழியில் இப்போது என்ன மிச்சமிருக்கிறது சொல்லுங்கள். ரயில்வேப் பெரியவரின் வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிகள் நிற்கின்றன. விளம்பரங்கள் போனுக்குள் போய்விட்டன, சுழிக்கப் பென்சில் வேண்டியதில்லை. ஸ்கூட்டர் முன்னால் பிள்ளைகளை நிற்கவைத்து யாரும் போவதில்லை, போனால் இப்போது நானே திட்டுவேன். காரைப் பார்க்க வந்த அந்நியக் குடும்பத்துக்கு இரண்டு டீ கொடுப்பவர்களையும் காணோம்.

ராணிகஞ்ச் சிக்னல் பச்சையில் இருந்தது. என் கால் அதுபாட்டுக்குப் பிரேக்கைத் தேடியது, கை திருப்புவதற்குத் தயாராகிவிட்டது. கண்ணாடியில் மருத்துவரைப் பார்த்து, டேங்க் பண்ட் வரை போகலாமா என்று கேட்டேன். “மீ பண்டி, மீ இஷ்டம்” என்றார். உங்கள் வண்டி, உங்கள் விருப்பம்.

நேராகப் போனேன். ஏரி தெரிந்தது, கூடவே அதன் நாற்றமும் முக்கோணக் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இதுக்காட்டி முப்பத்தேழு வருஷம்?” என்றாள். கண்ணாடியை மட்டும் மூடவில்லை. காது தானாகக் காத்திருந்தது. போதும், திருப்பலாம் என்று சொல்ல வண்டியில் யாரும் இல்லை.