போணிக்குப் பிறகு

ஏனாத்தூர் நதியாவுக்குக் கோதண்டபாணியின் பட்டுக்கடையில் பதவி உயர்வு கிடைத்திருந்தது. முன்பெல்லாம் பிரித்துக் காட்டிய புடவைகளை மடித்து அடுக்குவாள். இப்போது ‘கஸ்டமர் கேர்’. அதாவது, இணையத்தில் புடவை வாங்கியவர்கள் திட்டுவதை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

காலையில் வரும் புகாரை முதலாளி காதில் போட்டுக்கொள்ள மாட்டார். முதல் வியாபாரம் ஆகுமுன் குறை பேசினால் அன்றைய நாளே விளங்காதாம். “போணி ஆவட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று கடைக் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். போணி ஆகும்போது புகாரின் மேல் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூக்கள் குவிந்து அதை மூடியிருக்கும். சாயம் போன புடவைக்குப் பதில் கேட்டுக் கேட்டு அலுத்த ஓசூர்க்காரி ஒருத்தி, கடைசியில் ஃபேஸ்புக்கில் ஊர் உலகத்துக்கே எழுதிவிட்டாள். கவிழ்த்து வைத்தவர் முதலாளி, கவனிக்காதவள் நதியா. இன்னொரு புகார் தவறினால் பழையபடி மடிக்கப் போக வேண்டியதுதான் என்று தீர்ப்பும் ஆயிற்று.

புகாருக்கு எண் போட்டு வரிசையில் நிறுத்தும் டிக்கெட் மென்பொருள் ஒன்று வேண்டும் என்றாள் நதியா. சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் முதலாளியின் மாப்பிள்ளை கமல் ஞாயிற்றுக்கிழமை வந்து, விருந்து சாப்பிட்டுவிட்டு, பெரியதாக ஒன்றைச் சிபாரிசு செய்தான். வட்டமும் பட்டையுமாகப் படங்கள், மேலாளருக்கு மேல் மேலாளர் என்று அதிகார அடுக்குகள். கடையில் மொத்தமே நான்கு பேர். கடைக் கம்ப்யூட்டர் அதைத் திறக்க முயன்று பாதியில் மூச்சை விட்டது.

நதியா தேடி வைத்திருந்தது சின்னது. ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது.

“ஓசியில இன்னாத்துக்குக் குடுக்குறான்? நாமகூட பை ஓசிலதான் குடுக்குறோம், பொடவை வெலையில சேத்து!” என்றார் முதலாளி.

“அப்டியில்ல மாமா. அதோட சோர்ஸ் கோடு யாரு வேணா பாக்கலாம், மாத்திக்கலாம்” என்றான் கமல்.

கோதண்டபாணிக்கு வியர்த்தது. புது பார்டர் தறியில் ஏறினால் வேட்டியைப் போட்டு மூடுகிற பரம்பரை. “யாரு வேணா பாக்கலாமா? எதிர்க்கடைக்காரன் நம்ம புகாரையெல்லாம் படிச்சிக்கினு உக்காந்திருப்பானே!”

“தறி எப்டிப் பூட்றதுன்னு ஊருக்கே தெரியும் மொதலாளி. அதுக்காக நம்ம தறியில இருக்குற பொடவை அவங்களுக்குத் தெரிஞ்சிடுதா? இதை நம்ம தோதுக்கு மாத்திக்கலாம். இதோ பாருங்க.”

‘நிறுத்திவை’ என்றிருந்த பொத்தானுக்கு ‘போணிக்குப் பிறகு’ என்று பேர் வைத்திருந்தாள். காலைப் புகார் சத்தமில்லாமல் அங்கே போய் உட்காரும். முதல் பில் போட்டதும் அமுக்கினால் அத்தனையும் சிவப்பாக மேலே வரும். பதில் போகிறவரை இறங்காது.

“சாஸ்திரம் தெரிஞ்ச சாஃப்ட்வேரும்மா!” என்றார் முதலாளி. கமல் தன் லேப்டாப்பை மூடினான்.

ஐப்பசியில் ஒரு காலை. வேலூரிலிருந்து புகார்: பெட்டியில் ரவிக்கைத் துணி இல்லை, நாளை மறுநாள் கல்யாணம், டெய்லர் காத்திருக்கிறார். துணியோ கடை அலமாரியிலேயே கிடந்தது. மழையில் ஒரு ஆள் படியேறவில்லை. மதியமாயிற்று.

“மொதலாளி, இப்பவே பஸ்ஸுல குடுத்து உட்டாத்தான்…”

“போணி ஆவட்டும்மா. பொத்தான் வெச்சதே நீதான?”

நதியா எழுந்தாள். கண்ணாடிப் பெட்டியில் சாமி சிலைக்குக் கட்டும் கையகலப் பட்டுப் பாவாடைகள் இருந்தன. நீலத்தில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“யாருக்கும்மா?”

“எங்க வீட்டு மாதாவுக்கு. பில் போடுங்க. கொஞ்சம் கொறைச்சி.”

“போணியில கொறைக்கக் கூடாதும்மா” என்று பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நதியா பொத்தானை அமுக்கினாள். வேலூர் சிவப்பாக மேலே வந்தது. ரவிக்கைத் துணி அடுத்த பஸ்ஸில் போனது.

சாயங்காலம் முதலாளி போனில் கமலிடம் பேசிக்கொண்டிருந்தார்: “நான் பாத்து எடுத்த சாஃப்ட்வேரு மாப்ள, ஒரு புகார் தப்பாது!” நதியா நீலப் பாவாடையை மடித்துப் பையில் வைத்தாள். அந்த வேலை அவளுக்கு மறந்திருக்கவில்லை.