ஆறு துளைச் சாணை

எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு பஸ் டெப்போவில் நான் ஃபிட்டர். இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் எல்லாம் பார்த்தவன் என்று எழுதினால் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் நீங்கள் மதிப்பீர்கள். ஆனால் எனக்குப் புத்தி வந்தது கேன்டீன் கத்தியால்தான்.

1. மேனேஜர் கெடு

கேன்டீனில் காய் நறுக்குபவர் பக்கத்து ஊரான காணையைச் சேர்ந்த தனம் அக்கா. அவரிடம் இருந்த கத்தியால் தக்காளியை மிரட்டலாம், நறுக்க முடியாது. அதனால் சாம்பார் லேட், சாம்பாருக்காக டிரைவர் லேட், டிரைவரால் ஏழு மணி திண்டிவனம் வண்டி லேட். ஒருநாள் மேனேஜர் கேன்டீனுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, வெங்காயம் நறுக்க மூணு மணி நேரமா? அடுத்த மாசக் கடைசிக்குள்ள சரியாவலன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, வெங்காயம் என்றார். அவர் வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான்.

"கத்திய எங்கிட்ட குடுங்கக்கா," என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

2. கண்டம் வண்டிச் சரக்கு

வெறுங்கையால் தீட்டினால் கல்லின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கண்டம் ஆன, அதாவது இனி ஓடாது என்று ஒதுக்கிவிட்ட, பஸ்ஸின் ஜன்னல் சட்டத்தை வெட்டி, கத்தியைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி செய்தேன். வைப்பர் கம்பியின் ஒரு முனையில் சாணைக்கல்லைக் கட்டினேன். மறுமுனையை, நிற்க வைத்த இரும்புப் பட்டையின் துளையில் நுழைத்தேன். துளை தாழ்ந்திருந்தால் கல் படுத்துத் தேய்க்கும், கத்தியின் வாய் மெலிந்து கூர் ஏறும். நான் போட்டது அடியில் ஒரே துளை. தீட்டி முடித்து, காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டிக் காட்டினேன். ஒர்க்‌ஷாப்பே கை தட்டியது.

மறுநாள் அக்காவின் இரண்டு விரலில் துணிக்கட்டு. "லேசா பட்டுடுச்சி தம்பி," என்றார். அதற்கும் மறுநாள் கத்தி பழையபடி மொண்ணை. மறுபடி தீட்டினேன், மறுபடி மொண்ணை. இரும்பு சரியில்லை என்றேன். கல் சரியில்லை என்று திண்டிவனம் போய் வேறு கல் வாங்கி வந்தேன். என்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

3. கேன்டீன் படி

ஒரு காலை சீக்கிரமே போய்விட்டேன். அக்கா கேன்டீன் படியில் குந்தி, நான் தீட்டிய கத்தியின் வாயைச் சிமெண்டில் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா பண்றீங்க!"

"கோவிச்சிக்காத தம்பி. பதினஞ்சி வருசமா அமுக்கி அமுக்கியே வெட்டிக்கினு வர்றேன். உன் கத்தி, நான் அமுக்கறதுக்கு முன்னாடியே எறங்கிடுது. ஒரே பேஜாரு. வெரலு போச்சின்னா வேலயும் போச்சி. சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு பாத்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அதைப் பிடித்த கையை ஒருநாளும் பார்க்கவில்லை. அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். உடம்பு பாரத்தை எல்லாம் கத்தி மேல் போட்டுத்தான் நறுக்கினார்.

பட்டையில் மேலே மேலே இன்னும் ஐந்து துளை போட்டேன். உச்சித் துளையில் மாட்டித் தீட்டியபோது கத்தி பழையதைவிடக் கொஞ்சம்தான் தேவலை. நாலு நாளைக்கு ஒரு துளை கீழே இறக்கினேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. அமுக்கம் தானாகக் குறைந்தது, புதுக் காயமும் இல்லை.

கெடு நாளன்று மேனேஜர் ஏழு மணிக்கு முன்னமே வந்தார். சாம்பார் இறக்கியாகிவிட்டது. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுப் போனார். அவர் அகராதியில் அதுதான் பாராட்டு.

பிறகு நான் ஒரு வாரம் லீவு. திரும்பிய அன்று அக்கா கத்தியோடு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்.

"இன்னா தம்பி, ஒரு தக்காளி அறுக்க முடியல, மொண்ணக் கத்தி! ஜல்தியா தீட்டிக் குடு. அடித் தொளையிலயே மாட்டு, தெரிதா?"

தம்பிகளே, எதைச் செய்தாலும் அதைப் பிடிக்கப்போகிற கையை முதலில் பாருங்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரரும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.