தவறே இல்லாத வார்டு

என் மருமகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள். அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ரத்தக் குப்பிகளை வார்டிலிருந்து லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையில் அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் மூன்றாம் மாடிக்கே மேற்பார்வையாளன் ஆனேன். "இவர் இருக்கும்போது லிஃப்ட் எதுக்குய்யா?" என்று பெரிய டாக்டரே சொல்வார்.

படுக்கை அருகிலேயே சுகர் பார்க்கும் கைமெஷின்கள் வந்ததும் என் ஓட்டத்துக்கு வேலை இல்லாமல் போனது. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சில நொடியில் எண். அறுபது மெஷின்களையும் கட்டி மேய்க்கும் பொறுப்பு என் மருமகளிடம் வந்தது. ஆள் குள்ளம், இடது காது மந்தம், ஆனால் கண் கழுகுக் கண். ரத்தச் சொட்டை ஏந்தும் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்து கிடந்தால் டப்பாவோடு குப்பையில் போடுவாள். நோயாளியின் கைப்பட்டையில் அச்சடித்த கோடுகளை மெஷினுக்குக் காட்டாமல் யாரும் விரலைத் தொடக்கூடாது. இது யார் ரத்தம் என்று மெஷினுக்குச் சொல்வதே அந்தக் கோடுகள்தான். "கோட்டைக் காட்டினீங்களா?" என்று கேட்டுக் கேட்டே கோட்டம்மா என்று பெயர் வாங்கினாள்.

"வீட்டுல புருஷனையும் கோட்டைப் பார்த்துட்டுத்தான் உள்ள விடுவாங்க போல" என்றாள் ஒரு நர்ஸ். அந்தப் புருஷன் என் மகன். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கைப்பட்டை நனையும், மடங்கும், போர்வைக்குள் போய்விடும். மெஷின் படிக்காமல் கத்தும். நர்ஸுகள் படும் பாட்டைப் பார்த்து நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதே கோடுகள் உள்ள ஸ்டிக்கர் ஒவ்வொரு நோயாளிக்கும் கூடுதலாக அச்சாகி வரும். அவற்றை ஒரு நோட்டில், படுக்கைக்கு ஒரு பக்கமாக ஒட்டினேன். ஏழாம் படுக்கைக்கு ஏழாம் பக்கம். கைப்பட்டையைத் தேட வேண்டாம், நோட்டைக் காட்டினால் போதும். படித்த எவனுக்கும் இது தோன்றவில்லை. ஒரே வாரத்தில் 'தவறே இல்லாத வார்டு' என்று எங்கள் பெண்கள் வார்டின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் என் அக்கா காலில் புண்ணோடு வந்து சேர்ந்தாள். குளியலறைப் பக்கம் பன்னிரண்டாம் படுக்கை கொடுத்திருந்தார்கள். என் அக்கா அங்கேயா படுப்பாள்? ஜன்னல் ஓரம் ஏழாம் படுக்கையில் இருந்த தையல்காரம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன், மாறிக்கொண்டாள். மருமகளிடம்கூட இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை ஊசி போடும் வேளையில், மருமகள் மாடி ஏறி வந்தாள். கையில் ஒரு தாள்.

"மாமா, இந்த வார்டுல பத்து நாளா ஒரு தடவைகூட மெஷின் கோட்டைப் படிக்காம போகல."

"அதுக்குத்தானேம்மா பலகையில போட்டிருக்கான்!"

"ஈரக்கையே இல்லாத வார்டு உலகத்துல உண்டா? நேத்து வரைக்கும் எனக்கு இது உறைக்கல. இன்னைக்கு உங்க அக்கா பேர்ல முந்நூத்தி நாப்பத்தெட்டு வந்திருக்கு. ராத்திரி அவங்க ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"எங்க சாப்பிட்டா? வாய் கசக்குதுன்னு தட்டைத் தள்ளிட்டா."

"அப்புறம் எப்படி மாமா சுகர் ஏறும்? எதைக் காட்டித்தான் குத்துறாங்க?"

நான் நோட்டைக் காட்டினேன். அப்போதும் கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினேன். அவள் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். அதில் என் அக்காவின் ஸ்டிக்கர். ஏழாம் பக்கத்தில் தையல்காரம்மா. ஆட்களை மாற்றியவன் நோட்டை மாற்றவில்லை.

"ஊசி போட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவருக்குப் பின்னால் ஓடினேன்.

போட்டிருந்தார்கள். தாளில் இருந்த எண்ணைப் பார்த்து டாக்டர் இன்சுலினைக் கூட்டி எழுதியிருந்தார். பேரைக் கேட்டுச் சரிபார்த்து, சரியான ஆளுக்கே நர்ஸ் போட்டிருந்தாள். எண்தான் அந்த ஆளுடையது இல்லை. அக்காவின் நெற்றி வேர்த்து, தலையணை நனைந்திருந்தது.

"குளிருதுடா. ஜன்னலைச் சாத்து" என்றாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

மருமகள் போர்வையை விலக்கி, கைப்பட்டையைத் துடைத்து, கோட்டைக் காட்டி, விரலைக் குத்தினாள். நாற்பத்தொன்று. நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏன்டா இப்படி மூச்சு வாங்குற, வயசாயிடுச்சா?" என்று கேட்கும்வரை நான் கட்டில் கம்பியை விடவில்லை.

மருமகள் அதற்குள் பன்னிரண்டாம் படுக்கைக்குப் போயிருந்தாள். அங்கே புது விரிப்பு விரித்திருந்தது. மூச்சு வேகமாக வாங்கி நினைவு தப்பியதால், சற்று முன்புதான் தையல்காரம்மாவைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் புருஷன் காலிப் படுக்கையின் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சுகர் தொண்ணூத்தாறுதான், ரொம்ப நல்லா இருக்குன்னு காலையிலகூடச் சொன்னீங்களே அண்ணே" என்றார் என்னிடம்.

தொண்ணூற்றாறு என் அக்காவுடையது. அதை நம்பித் தையல்காரம்மாவுக்கு இன்சுலினைக் குறைத்திருந்தார்கள். மருமகள்தான் அவர் எதிரே நின்று, நடந்ததைச் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை. நோட்டு யாருடையது என்பதையும் சொன்னாள்.

பிறகு தீவிர சிகிச்சைக்குப் போனில் சேதி சொல்லிவிட்டு, என் மேஜையில் வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் தள்ளி என் முன்னால் வைத்தாள். பத்து நாளில் அந்த வார்டில் யார் யார் படுக்கை மாறினார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை, எல்லாம் பார்த்தாக வேண்டும். ஒரு ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் ஒன்று. நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தேன்.

"முதல் பக்கத்துல இருந்து பேரைப் படிங்க மாமா."

மாடி முழுக்கக் கேட்கும் குரல் எனக்கு. அன்று, முதல் பெயரையே எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.

"சத்தமா, மாமா. இந்தக் காது கேக்காது."