டெக்லன் கட்டிய ஸ்டீல் வளையங்கள்

என் புருஷன் டெக்லனுக்குக் கடல் என்றால் பயம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கடலில்தான் வேலை பார்க்கிறான், ஆனாலும் பயம். அயர்லாந்தில் எங்கள் மேற்குக் கார்க் கரையில் ஆண்பிள்ளைகள் இதையெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள். டெக்லன் சொல்லிவிடுவான். துறையில் கயிற்றை அவிழ்க்கும்போதே, "இன்னிக்குக் காத்து சரியில்ல" என்று ஆரம்பிப்பான். நீச்சல் தெரியாது. கற்றுக்கொள்ளேன் என்றால், அதற்குத் தண்ணீரில் இறங்க வேண்டுமே என்பான். சாராயக் கடையில் அவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். நானே வைத்திருப்பேன், மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.

படகு என் அண்ணன் ஃபின்பாருடையது. பெயர் ரோஷீன். லிமெரிக், டப்ளின் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து, ஒரு நாள் வாடகைக்கு ஏறித் தூண்டில் போடுவார்கள். ஃபின்பார் படகை ஓட்டுவான். மீன் எங்கே என்று காட்டுவது, சிக்கெடுப்பது, வாந்தி கழுவுவது எல்லாம் டெக்லன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் ஏறிக்கொள்வேன். டீ போடுவேன், அண்ணன் கைவிடும் நேரத்தில் சுக்கானைப் பிடிப்பேன். அப்பாவின் படகில் வளர்ந்தவள், சைக்கிளுக்கு முன்னால் சுக்கான் பழகியவள்.

வருகிறவர்களில் பாதிப் பேரிடம் சொந்தத் தூண்டில் இருக்காது. படகிலிருக்கும் தூண்டில் கோல்களைத்தான் கொடுப்போம். அவை படும் பாடு சொல்லி முடியாது. மிதிப்பார்கள், படகின் விளிம்பில் ஓங்கி இடிப்பார்கள், மீன் வரவில்லை என்றால் கோபத்தில் தூக்கி எறிவார்கள். எங்கள் வீட்டுத் துடைப்பத்துக்கு அதைவிட மரியாதை உண்டு. எல்லாவற்றையும்விட மோசம், வீட்டுக்குக் கிளம்பும்போது கொக்கியை, கோலில் தூண்டில் நரம்பு ஓடும் வளையத்திலேயே மாட்டி இழுத்துவிடுவார்கள். வளையத்துக்குள்ளே வழுவழுப்பான பீங்கான் பதித்திருந்தால் அன்றைக்கே அதில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் பெரிய மீன் இழுக்கும்போது அந்த விரிசல் நரம்பைக் கத்தி போல அறுக்கும்.

அப்படித்தான் ஒரு தடவை அறுந்தது. கால்வேக்காரர் ஒருவர் கடல் விலாங்கோடு மல்லுக்கட்டி, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். நரம்பு அறுந்ததும் அப்படியே மல்லாந்து, எஞ்சின் பெட்டியில் தலை மோதி, எதிர்ப்பக்க விளிம்பில் பாதி உடம்பு வெளியே தொங்கியது. டெக்லன்தான் காலைப் பிடித்தான். தையல் போட்டு ஆள் பிழைத்துவிட்டார். டெக்லன் மட்டும் அதிலிருந்து பிழைக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். தூக்கத்தில் யாருடைய காலையோ பிடித்துக்கொண்டு கத்துவான். அது பெரும்பாலும் என் காலாக இருக்கும்.

அதன்பிறகு தினமும் காலையில் என் நைலான் காலுறை ஒன்றை எடுத்துப்போய் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுப்பான். விரிசல் இருந்தால் நூல் மாட்டும். மாட்டிய கோலைத் தனியே வைத்துவிடுவான். நல்லதாக ஒரு ஜோடி காலுறை எனக்கு மிஞ்சியதில்லை.

போன குளிர்காலத்தில் கோல்களுக்கெல்லாம் வளையம் மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் அடுப்படி மேஜையில்தான் வேலை. ஃபின்பார் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டான்.

"பீங்கான் பதிச்சதே போடு மாப்ள. பளபளன்னு இருக்கும். நரம்பு வழுக்கிட்டு ஓடும், தூரமா வீசலாம். வர்றவன் அதைத்தான் பாக்குறான்."

"ஒரே ஸ்டீல்ல வார்த்ததுதான் வேணும் மச்சான். உள்ள எதுவும் பதிக்காதது, கோல்ல கட்ட ரெண்டு கால் வச்சது. இடிச்சா நெளியும், நிமித்திக்கலாம். ஒடையாது."

"பாக்க மாட்டுச் சங்கிலி மாதிரி இருக்கு. கனம் வேற. பத்து கஜம் கொறைச்சுத்தான் விழும்."

"கொறைச்சு விழட்டும். விழுந்தது திரும்பி வரணும்ல."

"நீ மீனைப் புடிக்கக் கட்டுறியா, பேயைப் புடிக்கக் கட்டுறியா?"

"ஆளு விழாம இருக்கக் கட்டுறேன்."

"ப்ரோனா, உன் புருஷனுக்கு ஒரு முக்காடு வாங்கிக் குடு" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினான். நானும் சிரித்தேன். கடைசியில் இரண்டு நீளமான கோல்களுக்கு மட்டும் அண்ணன் இஷ்டப்படி பீங்கான், மற்றதற்கெல்லாம் ஸ்டீல் என்று முடிவாயிற்று. அந்த இரண்டில் ஒன்றுக்கு வசந்தத்திலேயே நடு வளையத்துப் பீங்கான் கழன்று விழுந்தது. டெக்லன் அதை ஓரம் கட்டினான். அவன் பார்க்காத நேரத்தில் அண்ணன் பீங்கானைப் பசை வைத்து ஒட்டி, துடைத்து, மற்றவற்றோடு நிறுத்திவிட்டான். காலுறையை விட்டு இழுத்தாலும் மாட்டாதபடி சுத்தமாக ஒட்டியிருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. நான்கு பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் லிமெரிக். அவர்களில் மீஹன் என்ற பல் டாக்டருக்கு நன்றாக வீசத் தெரியும். நிலம் கடலுக்குள் நீளும் முனைக்குக் கீழே, பாறைத் திட்டுக்கு வெளியே ரோஷீனை நிறுத்தி மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். அங்கே வந்தால் ஃபின்பாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்னால் கட்டி இழுத்து வரும் சின்னத் தோணியில் இறங்கி, திட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், பாறை இடுக்கில் போட்டிருக்கும் சிங்கிறால் கூடுகளைத் தூக்கி வருவான். பெரிய படகு அங்கே போக முடியாது.

"அலை ஏறுது மச்சான். இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்றான் டெக்லன்.

"நீ டீ குடி மாப்ள."

போனவன் முதல் கூட்டைத் தூக்கினான். இரண்டாவதற்குத் திரும்பும்போது தோணியின் எஞ்சின் சத்தம் நின்றது. கூட்டின் கயிறு விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. அந்தக் கயிறே நங்கூரம் போலத் தோணியின் பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருந்தது. முதல் அலை பின்னாலிருந்து ஏறித் தோணிக்குள் கொட்டியது. ஃபின்பார் வாளியால் இறைக்க ஆரம்பித்தான். அடுத்த அலையும் ஏறியது. துடுப்பு ஒன்று மிதந்து போவதை நான் பார்த்தேன்.

கயிற்றை அறுத்தால் தோணி நேராகப் பாறையில் போய் மோதும். அறுக்காவிட்டால் நிரம்பி மூழ்கும். ரேடியோவில் கூப்பிட்டேன். மீட்புப் படகு கிளம்பிவிட்டது, அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். தோணிக்கு அரை மணி இல்லை. பார்த்தாலே தெரிந்தது.

மீஹன் யாரையும் கேட்கவில்லை. கையிலிருந்த நீளக் கோலில் கொக்கியை வெட்டிவிட்டு, பெரிய ஈயக்குண்டைக் கட்டி வீசினார். குண்டு தோணியைத் தாண்டி விழுந்தது. ஃபின்பார் நரம்பைப் பிடித்துத் தோணியின் முன்வளையத்தில் கட்டினான். எல்லாரும் கத்திச் சிரித்தார்கள். நான் மெதுவாக ரிவர்ஸ் போட்டேன். கோல் வளைந்தது. தோணி எங்கள் பக்கம் மூக்கைத் திருப்பியது. டெக்லன் மட்டும் கோலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது எந்தக் கோல்?" என்றான்.

அவன் கேட்டு முடிக்கும்போதே நடு வளையத்திலிருந்து வெள்ளையாக ஏதோ தெறித்து மேல்தளத்தில் விழுந்தது. பீங்கான். நரம்பு வெறும் தகட்டு விளிம்பில் ஏறி, ஒரு நொடியில் அறுந்தது. மீஹன் பின்னால் விழுந்தார். தோணி திரும்பவும் அலைக்கு முதுகைக் காட்டியது. இன்னொரு நீளக் கோல் அன்றைக்குப் படகில் இல்லை, கரையில் கிடந்தது.

டெக்லன் ஸ்டீல் வளையம் போட்ட குட்டையான கோல் ஒன்றை எடுத்தான். வீசினான். எட்டவில்லை. சுற்றி எடுத்து மறுபடி வீசினான். குண்டு தோணிக்கு இந்தப் பக்கமே விழுந்தது. ஃபின்பார் இறைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தான்.

டெக்லன் திரும்பாமலே கையைக் காட்டினான். "முன்ன போ ப்ரோனா."

"திட்டு இருக்கு."

"தெரியும். போ."

கொஞ்சம் போனேன். ஆழமானியில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அலை பின்வாங்கும்போது இரண்டு பக்கமும் பழுப்புப் பாசி தலையை விரித்துக்கொண்டு மேலே வந்தது. என் அண்ணன் அங்கே, என் புருஷன் படகின் முன்முனையில், நான்கு பேர் வீட்டுப் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால். அடியில் ஒரு தட்டு தட்டினால் எல்லாரும் தண்ணீரில். வாய்க்குள் ஜெபம் வந்தது, பாதியில் மறந்தும் போயிற்று.

"போதுமா?"

"இன்னும் போ."

"டெக்லன், எனக்குப் பாறை தெரியுதுடா."

"எனக்கும் தெரியுது. போ டி."

மீஹனும் இன்னொருவரும் அவன் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். அடிப்பலகையில் எதுவோ உரசும் சத்தம் கேட்டது. அப்போது வீசினான். குண்டு தோணிக்குள்ளேயே விழுந்தது.

"கட்டு. கட்டிட்டுக் கைய தூக்கு. அப்புறமா கயித்த அறு" என்று கத்தினான். ஃபின்பார் கட்டினான், கையைத் தூக்கினான். பிறகு குனிந்து விசிறிக் கயிற்றை அறுத்தான். நான் ரிவர்ஸ் போட்டேன்.

பாதி நிரம்பிய தோணி என்ன கனம் இருக்கும். கோலை நேராக நீட்டிப் பிடித்தால் அலை வெட்டும்போது நரம்பு தெறித்துவிடும். வளைய விட்டால்தான் தாங்கும், வளைந்தால் அத்தனை பாரமும் வளையங்களில்தான் ஏறும். டெக்லன் வளைய விட்டான். நரம்பு ஸ்டீலில் உரசிக் கீச்சிட்டது. ஒவ்வொரு அலைக்கும் அது ஊளையிடும், எனக்கு உயிர் போய்த் திரும்பும். கோலின் நுனி தண்ணீரைத் தொட்டது. ஒரு வளையம் பக்கவாட்டில் நெளிந்து சாய்வதைப் பார்த்தேன். சாய்ந்தது, ஆனால் பிடித்துக்கொண்டது.

திட்டைத் தாண்டி ஆழத்துக்கு வந்தோம். கயிறு எறிந்தார்கள். நான்கு பேரும் சேர்ந்து அண்ணனை உள்ளே இழுத்துப் போட்டார்கள். தோணி விளிம்புவரை நிரம்பிக் கவிழ்ந்தது.

ஃபின்பாருக்குக் கம்பளி சுற்றி டீ கொடுத்தேன். கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, நானே வாயில் வைத்தேன். துறைச் சுவர் தெரிந்த பிறகுதான் பேசினான்.

"அந்தப் பீங்கானை ஒட்டினது நான்தான் மாப்ள."

"தெரியும் மச்சான்."

"எப்பத் தெரியும்?"

"அது தெறிச்சப்ப. நான் ஓரங்கட்டி வச்ச கோல் அவர் கையில எப்படி வரும்?"

"ரெண்டு வார்த்தை திட்டேன்."

"நாளைக்குத் திட்டறேன். இன்னிக்குத் தெம்பு இல்ல" என்றான் டெக்லன்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் துறையிலிருந்து மேடேறி நடந்தோம். நரம்பு அறுத்ததில் டெக்லனின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அவ்வளவு கிட்டப் போகச் சொன்னியே, அடி உரசுச்சு தெரியுமா? எல்லாரும் போயிருப்போம்."

"தெரியும்."

"அப்போ பயம் இல்லையா உனக்கு?"

அவன் நின்றான். மூச்சு வாங்கியது.

"இருந்துச்சு. ஆனா ஃபின்பார் இல்லாம, உன்கூட, இந்த மேட்டுல ஏறி வர்றதை நெனச்சுப் பாத்தேன். நீ பேசாம நடந்து வருவே. நான் என்ன சொல்லுவேன்? அதுக்குப் பாறையே தேவலன்னு தோணிச்சு."

சொல்லிவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதான். எதிரே கார் ஒன்று வந்து நின்றது, ஹார்ன் அடிக்கவில்லை. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.